சுவரில் வளர்ந்த கொடி

பினாங்குக்கு வருகிறவர்கள் என் வேனில் ஏறி உட்கார்ந்ததும் கேட்கிற முதல் கேள்வி, எங்கே சாப்பிடலாம் என்பதுதான். கோட்டையும் கோயிலும் மசூதியும் எங்கேயும் ஓடிவிடாது, வயிறு காத்திருக்காது. நான் பதில் சொல்வதில்லை. என் வேலை வண்டி ஓட்டுவது. சாப்பாட்டைப் பற்றிப் பேசுவது குமுதாவின் வேலை.

குமுதா ஜுருவில் ஒரு தொழிற்சாலையில் இருந்தவள். கம்பெனி கதவைச் சாத்திக்கொண்டு வேறு நாட்டுக்குப் போனபோது கையில் தொழில் இல்லை, வீட்டில் துணையும் இல்லை. அப்போது அவளுக்குச் சோறு போட்டது ஜார்ஜ் டவுனில் சோறும் பலவகைக் குழம்பும் விற்கிற நூர் பீவியின் நாசி கண்டார் கடை. சும்மா உட்கார்ந்து சாப்பிட அவள் கூசுவாள் என்று தெரிந்து, நூர் பீவி ஒரு கூடை வெங்காயத்தை முன்னால் வைத்து உரிக்கச் சொல்வாள். இவள் மாட்டுக்கறி தொடாதவள் என்பதற்காக மாட்டுக் குழம்பைத் தனி மூலைக்கு நகர்த்தி, அதற்குத் தனிக் கரண்டியும் போட்டாள். யாரும் கேட்டுச் செய்ததில்லை.

வெங்காயம் உரித்தபடியே, வருகிற வெளியூர்க்காரர்களுக்கு எந்தக் குழம்பு காரம், எதை எதோடு கலந்து ஊற்றச் சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கப் போய், கடைசியில் என் வேனில் ஆட்களைச் சாப்பாட்டுக்குக் கூட்டிப்போவதே அவளுக்குத் தொழிலாகிவிட்டது. காலையில் அப்பம், நடுவில் தேங்காய்ப்பால் ஐஸ் போட்ட செண்டோல், மத்தியானம் நூர் பீவி கடை. மற்றதெல்லாம் மாறும், மத்தியானம் மாறாது.

"ஊரெல்லாம் சுத்திக் காட்டுனாலும் சோறு நூரக்கா கையாலதான் அண்ணே" என்பாள்.

நூர் பீவி தெருவைப் பார்த்த மாதிரி குழம்புச் சட்டிகளை வரிசையாக வைத்து, முன்னால் தானே நின்று பரிமாறுவாள். சோற்றில் குழம்பு வெள்ளமாக ஓடினால்தான் அவளுக்குத் திருப்தி. வரிசை கடைமுன் அஞ்சடி நடைபாதையைத் தாண்டித் தெருமுனைவரை போகும். இந்த ஊர் வரிசையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பந்திக்கு முந்து என்பதை எங்கள் ஆட்கள் வேதவாக்காக எடுத்துக்கொண்டவர்கள். வரிசை நீளமாக இருந்தால் என்ன ஏது என்று கேட்காமல் பின்னால் போய் நிற்பார்கள். நின்றவர்களை மழையும் வெயிலும் நகர்த்தாது.

போன வருஷம் பக்கத்து வீட்டை யாரோ வாங்கி ஹோட்டல் ஆக்கத் தொடங்கினார்கள். வெளியே பழைய முகம், உள்ளே லிஃப்ட். இங்கே பழைய கடைவீடுகளுக்கு ஆளுக்கொரு சுவர் கிடையாது, இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். அந்தப் பக்கம் இடித்தார்கள், தோண்டினார்கள். இந்தப் பக்கம் சுவரில் மேலிருந்து ஒரு விரிசல் இறங்கியது.

நூர் பீவியின் மகன் ஹஸ்ருல் படம் வரைகிறவன். விரிசலை மறைக்க அதன்மேல் பச்சைப் பெயிண்டில் ஒரு கொடி வரைந்தான், நடுநடுவே நீலப் பூ. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். ஆனால் சுவரில் படம் என்றால் இந்த ஊருக்கு வருகிறவர்களுக்குப் பித்து. சோறு வாங்கியதும் கொடியோடு நின்று படம் பிடித்தார்கள். விரிசல் நீண்டபோதெல்லாம் ஹஸ்ருல் அதன் வழியே இலைகள் சேர்த்தான். வளர்கிற கொடி என்று பெயர் பரவி, போன தடவை பார்த்ததைவிட இப்போது எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்க்கவே திரும்ப வந்தார்கள். நான் அந்தச் சுவரோரம் உட்காருவதை விட்டுவிட்டேன். குமுதாவும்தான்.

சுவர் இறங்கியதில் பின்கதவு இறுகித் திறக்கவில்லை. அடுப்பில் வைத்த சட்டியில் எண்ணெய் ஒரு பக்கமாக ஒதுங்கியது. தேத்தண்ணீரில் சுண்ணாம்புத் தூள் விழுந்தது. நூர் பீவி எல்லாப் பாத்திரத்தையும் மூடி போட்டு மூடினாள்.

"கொஞ்ச நாளைக்குக் கடைய மூடுங்க நூரக்கா" என்றாள் குமுதா.

"மூடுனா வாடிக்க போயிரும். போன வாடிக்க திரும்புமா? உனக்குப் பயமா இருந்தா உன் ஆளுங்கள வேற கடைக்குக் கூட்டிட்டுப் போ லா. நா தடுக்கல."

குமுதா அப்படியே செய்தாள். அதற்குப்பின் அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. குமுதா மத்தியானச் சாப்பாட்டை வேறு கடையில் வைத்து, பயணிகள் சாப்பிட்டு முடிக்கிறவரை தான் தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருப்பாள்.

பள்ளி விடுமுறையில் ஒரு மத்தியானம், முந்தின நாள் முழுக்கப் பெய்த மழைக்குப் பிறகு, அந்தத் தெரு வழியாக வந்தோம். வேனில் பயணிகள் இல்லை. பக்கத்து ஹோட்டலில் இயந்திரம் துளைத்துக்கொண்டிருந்தது. நூர் பீவி கடையில் வரிசை தெருமுனைவரை நின்றது, குழந்தைகளும் தள்ளுவண்டிகளுமாக. குமுதா இறங்கி உள்ளே போனாள். நானும் பின்னால் போனேன். சுவருக்குள்ளே அரிசி பொரிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. கொடியின் நடுவில் ஒரு பூ இரண்டாகப் பிளந்திருந்தது.

குமுதா வரிசையில் நின்றவர்களிடம் போனாள். "சுவர் விழப்போவுது, தள்ளிப் போங்க" என்று தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் சொன்னாள். அவர்கள் சுவரைப் பார்த்தார்கள். இரண்டு பேர் போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். மலாயில் "ஹபிஸ்" என்றாள், தமிழில் "சோறு முடிஞ்சுருச்சு" என்றாள். சட்டிகளில் ஆவி பறந்துகொண்டிருந்தது, யார் நம்புவார்கள்? நான் தீயணைப்புப் படைக்கு போன் போட்டேன். வருகிறோம் என்றார்கள்.

அதற்குள் குமுதா பின்பக்கம் போய், பாத்திரம் கழுவிய சோப்புத் தண்ணீர் வாளியைத் தூக்கி வந்தாள். நூர் பீவியின் கண்முன்னே ஒவ்வொரு குழம்புச் சட்டியிலும் ஊற்றினாள். மிச்சத்தைச் சோற்றுப் பானையில் கவிழ்த்தாள்.

இந்த ஊர்க் கூட்டத்தை நகர்த்த அது ஒன்றுதான் வழி. உயிர் போகும் என்றபோதும் நகராதவர்கள், சோறு போனதும் நகர்ந்தார்கள். திட்டினார்கள், படம் பிடித்தார்கள், ஒருவன் பைத்தியம் என்றான். உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களும் எழுந்தார்கள். கொஞ்ச நேரத்தில் அஞ்சடி காலியானது. சுவர் அப்படியே நின்றது.

நூர் பீவி கரண்டியைக் கீழே வைத்தாள். நுரை மிதக்கிற சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது சோறு குமுதா" என்றாள். "நீயும் தின்ன சோறு."

"வெளிய வாங்க நூரக்கா. அப்புறம் என்னை என்ன வேணும்னாலும் சொல்லுங்க."

நூர் பீவி வேலையாட்களை வீட்டுக்கு அனுப்பினாள். ஹஸ்ருலைப் பாசார் சந்தைக்குப் போய்க் கோழி வாங்கி வரச் சொன்னாள், சாயங்காலத்துக்கு மறுபடி சமைக்க. குமுதா அவள் கையைப் பிடித்து இழுத்தாள். நானும் கெஞ்சினேன். அவள் எங்கள் இரண்டு பேரையும் வெளியே தள்ளி, இரும்புக் கிராதியை இழுத்துப் பூட்டினாள். பிறகு சட்டிகளை ஒவ்வொன்றாகப் பின்னால் தூக்கிப் போய், கொடி வரைந்த சுவரோரம் குழாயடியில் உட்கார்ந்து கழுவத் தொடங்கினாள். சோப்பு பட்ட சட்டியை அவள் வேறு யாரையும் தொட விடமாட்டாள்.

நாங்கள் எதிர் அஞ்சடியில் நின்றோம். கிராதி வழியாக அவள் முதுகு தெரிந்தது. குமுதா கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். தீயணைப்பு வண்டியின் சத்தம் தூரத்தில் கேட்டபோது, மாடிச் சன்னல் ஒன்று தானாகத் திறந்தது. அதன்பிறகு புழுதிதான். சுவர் முழுவதும் உள்பக்கமாகச் சாய்ந்துவிட்டது. முன்னால் அஞ்சடியோரம் குழம்புச் சட்டிகள் இருந்த மேசைமேல் ஒரு செங்கல்கூட விழவில்லை.

திட்டிக்கொண்டு போனவர்கள் பக்கத்துத் தெருவில் வேறொரு கடை வரிசையில் நின்றிருந்தார்கள். சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தார்கள் என்று பின்னால் அந்தக் கடைக்காரர் சொன்னார். இடம் போய்விடும் என்று யாரும் வரிசையை விட்டு வரவில்லையாம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை, ஆனால் யார்மேல் காட்டுவது?

மறுநாள் நூர் பீவியின் அடக்கம் முடிந்தபிறகு ஹஸ்ருல் வீட்டுக்குப் போனோம். குமுதா உள்ளே போக மாட்டேன் என்று வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவனே வெளியே வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"உம்மா எப்பவும் முன்னாலதானே நிப்பாங்க தம்பி" என்றாள் குமுதா. "முன்னால நின்னுருந்தா ரோட்டுக்கு ஓடி வந்துருப்பாங்க. பின்னால போய் உக்கார வச்சது நான்."

எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று நான் சொல்லப் பார்த்தேன். அவள் காதில் அது ஏறவில்லை.

ஹஸ்ருல் தன் கைகளை விரித்துப் பார்த்தான். நகக்கண்ணில் பச்சைப் பெயிண்ட் ஒட்டியிருந்தது.

"நேத்து காலையில ரெண்டு இலை வரஞ்சேன் அக்கா" என்றான். "வரையும்போதே விரல் சுவருக்குள்ள போச்சு. உம்மாகிட்ட சொல்லல."

குமுதா அவன் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, அந்தப் பச்சையைத் தன் நகத்தால் சுரண்டத் தொடங்கினாள். அது போகவில்லை. இருட்டுகிறவரை சுரண்டிக்கொண்டிருந்தாள், அவனும் கையை எடுக்கவில்லை.