ஆமென் சொல்லும்வரை

“…அந்தக் கட்டி ஒன்றுமில்லாமல் போகட்டும் தகப்பனே. நாளைக்கு உம்முடைய மகள் ஆஸ்பத்திரியில் ரிப்போர்ட்டைக் கையில் வாங்கும்போது நீர் பக்கத்தில் நிற்க வேண்டும். இந்த வீட்டைக் கட்டிக் காப்பாற்றுகிறவளை நீர் கைவிடாதேயும்…”

வழக்கமாக அவள் மூச்சு வாங்கும் இடத்தில் நாலாபக்கமிருந்தும் “ஸ்தோத்திரம்” விழும். இந்த முறை விழவில்லை. மின்விசிறி மட்டும் சுற்றியது. அப்போதுதான் தான் சொன்னது அவள் காதிலேயே ஏறியது.

அண்ணன் வீட்டு முன்னறை. ஞாயிறு சாயங்கால வீட்டு ஜெபம். சபையிலிருந்து வந்தவர்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். அண்ணனும் அண்ணியும் அவர்கள் மகளும் கட்டிலில். கட்டி அண்ணிக்கு. அந்த அறையில் அது இரண்டே பேருக்குத் தெரிந்த விஷயம். மகளுக்கு மறுநாள் காலையில் கல்லூரியின் கடைசிப் பரீட்சை. அது முடிகிறவரை ஒருத்தரிடமும் மூச்சு விடாதே, மத்தியானம் நாம் இரண்டு பேரும் போய் ரிப்போர்ட் வாங்கிவிட்டு வந்து சொல்லிக்கொள்ளலாம் என்று அண்ணி இவளுடைய தையல் கடைக்கே வந்து சொல்லியிருந்தாள். “நீ ஜெபம் மட்டும் பண்ணு, போதும்.”

பண்ணிவிட்டாள்.

ஆமென் சொன்னால் எல்லோரும் கண்ணைத் திறந்துவிடுவார்கள். அதனால் அவள் ஆமென் சொல்லவில்லை. நாட்டை ஆளுகிறவர்களுக்காக ஜெபித்தாள். கடலில் போகிறவர்கள், சிறையில் இருக்கிறவர்கள், பிள்ளையில்லாதவர்கள், பிள்ளைகளால் கைவிடப்பட்டவர்கள் என்று ஒவ்வொருவராக வந்தார்கள். மழை வந்தது. பள்ளிக்கூடங்கள் வந்தன. பேருந்து ஓட்டுகிறவர்களும் வந்தார்கள். யாரோ கொட்டாவியை விழுங்கினார்கள். கூட்டத்தை நடத்தும் வாத்தியார் தொண்டையைச் செருமினார். அது முடித்துக்கொள் என்று அர்த்தம். அவள் தூர தேசங்களில் போரில் அகப்பட்டவர்களிடம் போனாள்.

மற்றபடி அவள் பேசுகிறவளே இல்லை. கடைக்கு வருகிறவர்களிடம் “எத்தனை அங்குலம்?”, “வெள்ளிக்கிழமை வாங்க”, அவ்வளவுதான். நடத்துனரிடம் மீதி சில்லறை கேட்கக் கூச்சப்பட்டு இறங்கி வந்துவிடுவாள். கண்ணை மூடிவிட்டால் மட்டும் வார்த்தை பாபினிலிருந்து நூல் வருவதுபோல் வரும். கல்யாணமான புதிதில் பெண்கள் கூட்டத்தில் ஜெபிக்க யாரும் வாய் திறக்காதபோது இவள் தொடங்கினாள். போதகரின் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்றிலிருந்து சபைக்கு இவள் ஜெபக்கார அக்கா. “என்கிட்ட ரெண்டு வார்த்தை, ஆண்டவர்கிட்ட ரெண்டு பக்கம்” என்று இறந்துபோன கணவர் சொல்வார். அண்ணன் வைத்த பெயர் ஹாட்லைன், மேலே நேராகப் போகிற போன். மருமகனுக்கு வேலை, மாமியாருக்கு முழங்கால், வீட்டுக்காரரின் குடி என்று ஆட்கள் கிழிந்த துணியோடு சேர்த்துத்தான் கொண்டுவருவார்கள். ஜெபத்தில் எல்லோரையும் அடையாளம் சொல்லித்தான் கேட்பாள். மொத்தமாகக் கேட்டால் மொத்தமாகத்தான் கிடைக்கும் என்பது அவள் எண்ணம். சபைக்கு அதுதான் பிடித்திருந்தது.

போரில் அகப்பட்டவர்களும் தீர்ந்துபோனார்கள். ஒரு கண்ணை லேசாகத் திறந்து பார்த்தாள். அண்ணி இமைகளை இறுக்கி மூடியிருந்தாள். மகள் மூடவில்லை. அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆமென்” என்றாள் அண்ணி, சத்தமாக.

புறப்பட்டுவிட்ட வண்டியைப் பிடிக்க ஓடுகிறவர்களைப் போல மற்றவர்களும் “ஆமென், ஆமென்” என்றார்கள். கண்கள் திறந்தன. ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

“டீ ஆறுது. எடுத்துக்குங்க” என்றாள் அண்ணி.

“அம்மா, எந்தப் பக்கம்?” என்றாள் மகள்.

“நீ போய்ப் படி.”

“எந்தப் பக்கம்மா?”

“இடது பக்கம். தெரிஞ்சுக்கிட்டேல்ல, இப்ப போய்ப் படி.”

அண்ணன் தங்கையைப் பார்த்துத் திரும்பினார். “என் பொண்டாட்டிக்கு ஒண்ணுன்னா அது மேல போயிட்டுத்தான் எனக்கு வரணுமா? கட்டில்ல பக்கத்துலதானே படுத்திருக்கேன்.”

“அவளை ஏன் கேக்குறீங்க? நான்தான் சொல்ல வேண்டாம்னேன்.”

“அவகிட்ட சொல்லலாம், என்கிட்ட கூடாதா?”

“உங்ககிட்ட சொன்னா நீங்க முதல்ல படுத்துடுவீங்க. அப்புறம் உங்களை யாரு பாக்குறது?”

யாரோ சிரிக்கப் போய் நிறுத்திக்கொண்டார்கள். ஒரு பெண், தன் ஓரகத்திக்கும் இப்படித்தான், கடைசியில் ஒன்றுமில்லை என்று தொடங்கினாள். வாத்தியார், “நேரமாச்சு, பிள்ளை படிக்கணும்” என்று அவளையும் மற்றவர்களையும் வாசல் பக்கம் நகர்த்தினார். போகும்போது, “எல்லாரும் இதைப் பாரமா எடுத்து ஜெபிப்போம்மா” என்றார்.

சமையலறையில் அண்ணி கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். இவள் துடைக்கத் துணியைத் தேடினாள்.

“அண்ணி, வேணும்னு சொல்லல.”

“தெரியும்.”

“கண்ண மூடிட்டா பக்கத்துல ஆள் இருக்குறதே எனக்குத் தெரியாது அண்ணி.”

“அதுவும் தெரியும். அதுக்குத்தானே உன்கிட்ட வந்தேன்.” ஒரு கோப்பையைக் கவிழ்த்து வைத்தாள். “ஆண்டவருக்குக் காது மந்தமில்ல. மெதுவா சொல்லியிருந்தாலும் கேட்டிருக்கும்.”

இவள் இன்னும் துணியைத் தேடிக்கொண்டிருந்தாள்.

“ஒரு ராத்திரி. அவ்வளவுதான் கேட்டேன். நாளைக்கு எழுதிட்டு வந்தப்புறம் அந்தப் பிள்ளைகிட்ட நானே சொல்லியிருப்பேன். எப்படிச் சொல்லணும்னுகூட யோசிச்சு வெச்சிருந்தேன்.”

“நாளைக்கு மத்தியானம் கடைய மூடிட்டு வந்துடறேன்.”

“உங்கண்ணன் வர்றாராம்.”

“நானும்…”

“ரெண்டு பேர் எதுக்கு?” என்றாள் அண்ணி. துணி குழாய்க்குப் பக்கத்தில் இருக்கிறது என்று கையைக் காட்டினாள்.

மறுநாள் திங்கட்கிழமை. கடையை வழக்கமான நேரத்துக்குத் திறந்தாள். இரண்டு கால்சட்டைகளுக்கு ஜிப் மாற்றினாள். சபையின் வாட்ஸ்அப் குழுவில் வாத்தியார் காலையிலேயே, பெயர் சொல்லாமல், நம் தையல்காரச் சகோதரியின் அண்ணிக்காக ஜெபிக்கவும் என்று போட்டிருந்தார். கீழே கூப்பிய கைகள் வரிசையாக நின்றன. அண்ணன் மகள் பரீட்சை எழுதிவிட்டு வந்துவிட்டாள் என்று அண்ணன் செய்தி அனுப்பினார். கடைசிக் கேள்வியை விட்டுவிட்டாளாம்.

மத்தியானம் ஒரு பெண் தன் மகளின் பள்ளிச் சீருடையைக் கொண்டுவந்து, மகன் வீட்டை விட்டுப் போய்விட்டதைச் சொல்லி அழுதாள். இவள் கேட்டுக்கொண்டாள். பாவாடையை எவ்வளவு இறக்க வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டாள்.

நாலு மணிக்கு மேல் அண்ணன் போன் செய்தார். பயப்படும்படி இல்லையாம், ஆனாலும் அடுத்த வாரம் அறுத்து எடுக்கச் சொல்கிறார்களாம். அண்ணியிடம் கொடுக்கச் சொன்னாள். அவள் தூங்குகிறாள் என்றார். பின்னால் அண்ணி மகளைச் சாப்பிடக் கூப்பிடுவது கேட்டது. சரி என்று வைத்துவிட்டாள்.

எட்டு மணிக்குக் கடையைச் சாத்தினாள். கடைக்கு மேலே இருக்கும் தன் அறைக்குப் போய் ரொட்டி சாப்பிட்டாள். படுக்கையில் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் ஜெபித்துப் பார்த்தாள். வார்த்தைகள் வரிசையாக நிற்கவில்லை. பாதியில் தூங்கிவிட்டாள்.