சலூன் வாங்கில் ஏலம் போன என் மகன்

இன்று காலை மானிப்பாய்ச் சலூன் ஒன்றில், முகம் நிறைய நுரையுடனும் கழுத்தில் கத்தியுடனும் அமர்ந்திருந்தேன். பின்னால் வாங்குப் பலகையில் இருந்த இரு கூடைப்பந்து ரசிகர்கள் என் மகனை ஏலம் விட்டுக்கொண்டிருந்தார்கள். நான் யாரென்று அவர்கள் அறியார்.

கூடைப்பந்து வீரனான மகன் இவ்வருடம் எந்தக் கழகத்திலும் பெயர் பதியவில்லை. கொழும்புக் கொம்பனி ஒன்று தன் அணிக்கு அழைத்திருக்கிறது. விளையாடும் காலம் வரைதான் உத்தியோகம் என்பது ஒப்பந்தம்.

“உவன் போகக்கூடாது மச்சான். எங்கடை கிளப் வளர்த்த பெடியன்.”

“வளர்த்ததோ? வெறும் பணிசும் பிளேன்ரீயும்தானே குடுத்தனாங்கள். போகட்டும் விடு. முழங்கால் போனால் திரும்பி எங்களிட்டைத்தானே வருவான்!”

இருவரும் சிரித்தார்கள். அந்த முழங்காலை நினைத்துத்தான் எங்கள் வீட்டில் உறக்கமில்லை. கத்தி நகரும்போது வாய் திறக்க முடியாதது அவர்களின் அதிர்ஷ்டம்.

அப்போது மகனே என்னைத் தேடி உள்ளே வந்தான்.

“அப்பா, கொம்பனிக்காரரோடை கதைச்சிட்டன். விளையாட ஏலாமல் போனாலும் வேலை இருக்கவேணும், இல்லாட்டி வரமாட்டன் எண்டன். ஓம் எண்டிட்டினம்.”

எனக்கு மூச்சு வந்தது. அவனைக் கேட்கச் சொல்ல நினைத்ததை, நான் சொல்லாமலே கேட்டிருக்கிறான்.

வாங்கிலிருந்து ஒருவர் எழுந்தார். “ஐயா, உங்கடை மகனோ? நாங்களும் அதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தனாங்கள்!”

நண்பர்களே, ஒரு பிள்ளையின் எதிர்காலத்தைத் தீர்மானிப்பதில், கழகத்துக்கும் ரசிகர்களுக்கும் பின்னால், பெற்ற தகப்பன் எத்தனையாம் இடத்தில் நிற்கிறான்? விதி தெரிந்தவர்கள் அறியத்தரவும்.