அக்கரை நகரத்தின் இரண்டு விடியல்கள்

விடியற்காலையில் மச்சாளின் அறை யன்னலைத் திறந்தால் வாவி தெரியும். அதன்மேல் பனி படுத்திருக்கும். அக்கரையில் மட்டக்களப்பு நகரம் இருக்கிறதா இல்லையா என்றே சந்தேகம் வரும். கல்லடியில் அந்த யன்னலோரத்தில்தான் நானும் மாமாவின் மகளான மச்சாளும் உயர்தரப் பரீட்சைக்கு ஆங்கில இலக்கியம் படித்தோம். ரொமான்டிக் கவிஞர்கள் இருவர் லண்டன் என்ற ஒரே நகரத்தை எப்படி வெவ்வேறாகக் காட்டுகிறார்கள் என்று ஒப்பிட்டு எழுத வேண்டும். ஒருவர் அதிகாலையில் எட்ட நின்று பார்க்கிறார். நகரம் உறங்குகிறது, சத்தமில்லை, அழகென்றால் அப்படியொரு அழகு. மற்றவர் தெருவில் இறங்கி நடக்கிறார். அவர் காதில் விழுவதெல்லாம் அழுகை. லண்டனை நாங்கள் எங்கே கண்டோம்? யன்னலில் தெரிந்த மட்டக்களப்புதான் எனக்கு லண்டன், வாவிதான் அதன் ஆறு. நான் முதலாமவரின் கட்சி. கனவு காண எனக்குச் சொல்லித் தரவா வேண்டும்.

மச்சாள் வேறு மாதிரி எழுதினாள். முதல் கவிஞர் பார்த்தது ஊரடங்கு போட்ட நகரம், ஆமியின் சுற்றிவளைப்பு நடக்கப் போகிறது, அது தெரியாமல் மனுசன் அழகு என்கிறார் என்று பக்கம் நிறைய எழுதிவிட்டாள். ரீச்சர் வாசித்துச் சிரித்தார். யாருடைய விடை என்று பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

"லண்டனில எங்க புள்ள ஊரடங்கு?" என்று மெதுவாகக் கேட்டார்.

"அப்ப ஏன் ரீச்சர் ஒருத்தரும் வெளிய வரல்ல?" என்றாள் மச்சாள்.

நாங்கள் சின்ன வகுப்பில் இருந்தபோது, அப்படியொரு சத்தமில்லாத விடியலில்தான் அவளுடைய அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். எங்கே என்று இன்றுவரை தெரியாது. "ஒரு நாய் கூடக் குரைக்கல்லகா," என்று அதை மட்டும் என்னிடம் திரும்பத் திரும்பச் சொல்வாள். அழ மாட்டாள்.

பரீட்சை எழுதிய பிறகு, அந்த வருடக் கடைசியில் சுனாமியாகக் கடல் ஊருக்குள் வந்தது. கடலுக்கும் வாவிக்கும் நடுவில் ஒரு துண்டு நிலம் எங்கள் ஊர், எங்கே ஓடுவது. ஒரு மாடிக் கட்டடத்தில் ஏறித் தப்பினோம். தண்ணீர் வடிந்ததும் மச்சாள் இறங்கி நடந்தாள். நான் பின்னால் போனேன். எங்கேயாவது முனகல் கேட்டால் அங்கே ஓடுவாள், பலகையைப் புரட்டுவாள், ஆட்களைக் கூப்பிடுவாள். "அழுறவங்க உசிரோட இரிக்காங்க. முதல்ல அவங்களப் பாப்பம்," என்றாள். அழுகையைக் கேட்டுக்கொண்டே தெருத்தெருவாக நடந்த அந்த இரண்டாவது கவிஞரை எனக்கு அன்றுதான் பிடித்தது.

சண்டை முடிந்த வருடம் ஒரு விடியற்காலையில் நாங்கள் இருவரும் கல்லடிப் பாலத்தால் நடந்து போனோம். நான் அப்போது அதே பாடத்தைப் படிப்பிக்கும் ரீச்சர். அவளுக்கு நகரத்தில் துணிக்கடை வேலை. வாவி அசையாமல் கிடந்தது. பனிக்குள்ளிருந்து நகரம் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. என் வாய் எப்போது சும்மா இருந்தது?

"எவ்வளவு அமைதி மச்சாள்," என்றேன்.

அவள் நின்றாள். பாலத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"சண்டை முடிஞ்சா அண்ணன விட்டிருவாங்க எண்டு இரிந்தன்கா," என்றாள். "முடிஞ்சிட்டு. இனி எதுக்குப் பாத்துக்கிட்டு இரிக்கிற?"

பிறகு அழுதாள். அத்தனை வருடத்தில் முதல் தடவையாக, வாய்விட்டு. சைக்கிளில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் அவளை அடக்கவில்லை. அக்கரை முழுக்கக் கேட்கட்டும் என்று பக்கத்தில் நின்றேன்.