எல்லாருக்கும் போட்டுக் கொடுத்த சான்றிதழ்

என் மனைவி சுமதிக்கு ஆபீஸிலிருந்து புது லேப்டாப் வந்திருக்கிறது. டிஜிட்டல் சான்றிதழ் போட்டால்தான் அவர்கள் நெட்வொர்க் உள்ளே விடுமாம். காலையிலிருந்து போடுகிறேன், போடப் போட 'நம்பகமற்றது' என்கிறது. "ஒரு ஆபீஸுக்கே போட்டுக் குடுத்தவராச்சே நீங்க," என்று டீயைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போகிறாள். டீ வாசனையும் இந்த எரிச்சலும் சேர்ந்தால் எனக்கு மந்தாரக்குப்பம்தான் ஞாபகம் வரும்.

அங்கே ஒரு சின்னத் தனியார் கம்பெனியில் கான்ட்ராக்டில் நெட்வொர்க் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆபீஸ் வைஃபைக்கு எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டு. ரகசியம் என்று பெயர்; எதிர் டீக்கடை வரைக்கும் தெரியும். சுரங்கத்தில் ஷிப்ட் விட்டு டீ குடிக்க வருகிறவர்கள் எங்கள் வைஃபையில் கிரிக்கெட் பார்ப்பார்கள், எங்களுக்கு மெயில் திறக்காது. மேனேஜர் தாமோதரன் சாருக்குப் பொறுக்கவில்லை. பாஸ்வேர்டை எடுத்துவிட்டு ஆளுக்கொரு சான்றிதழ் என்று முடிவானது. காகிதம் இல்லை, கணினிக்குள் ஏற்றிவைக்கும் அடையாளம். அது இருக்கிற கணினியை மட்டும் வைஃபை சேர்த்துக்கொள்ளும்.

"இத முடிச்சுக் குடுப்பா, உன்னையும் பர்மனென்ட்ல போட்ருவோம்," என்றார் சார்.

அது போதாதா? பேயாக உழைத்தேன். கணக்குப் பிரிவுக் கலைவாணி அக்காவின் கணினிதான் என் உயிரை வாங்கியது. சாயங்காலம் சரியாக இருக்கும், காலையில் இருக்காது. மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியதும், "நேத்து நல்லாத்தான் இருந்துச்சு தம்பி. இன்னிக்கு சுத்திகினே இருக்குது," என்பார். மண்டையை உடைத்துக்கொண்டு பார்த்தால், உள்ளே பேட்டரி செத்துப்போய், அணைத்துப் போட்டதும் கணினியின் தேதி பல வருஷம் பின்னால் ஓடிவிடுகிறது. அந்தத் தேதிக்கு என் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. இதற்காக ஒரு வாரம் என்னையே திட்டிக்கொண்டிருந்தேன்.

ஒருவழியாக வேலை முடிந்து பழைய பாஸ்வேர்டை மூடினேன். எல்லோர் கணினியும் உள்ளே, என்னுடையது மட்டும் வெளியே. சாரிடம் போய் நின்றேன்.

"ஸ்டாஃப் லிஸ்ட்ல இருக்கறவங்களுக்குத்தானேப்பா அது. பர்மனென்ட் ஆனதும் நீயும் போட்டுக்கோ."

சான்றிதழ் போடுகிறவனே நான்தான். இரண்டு நிமிஷ வேலை, ஒருவருக்கும் தெரியாது. இருந்தும் போட்டுக்கொள்ளவில்லை. நேர்மை கீர்மை எல்லாம் இல்லை, வெறும் வீம்பு. அவராகவே கூப்பிட்டு, உன் பேரையும் சேர்த்துக்கோ என்று சொல்லட்டும் என்றிருந்தேன். அதுவரை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, என் போன் டேட்டாவில், அவர்கள் ஆபீஸ் வேலையைச் செய்தேன். கடைக்காரருக்கு வேறு என்மேல் கடுப்பு. "நல்லா இருந்த நெட்ட கெடுத்துவச்சது நீதானா," என்று சர்க்கரையைக் குறைத்தே போடுவார். அடுத்த மாசம், அடுத்த மாசம் என்று கான்ட்ராக்டே முடிந்துபோனது. காத்திருந்த என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்று இப்போதும் தோன்றுகிறது.

அந்தக் கம்பெனி ஊரை விட்டே போய்விட்டது. டீக்கடை இருந்த இடத்தில் செல்போன் கடை. நான் போட்ட சான்றிதழ்கள் அத்தனையும் என்றோ காலாவதி. போன மாசம் பஸ் ஸ்டாண்டில் தாமோதரன் சாரைப் பார்த்து வணக்கம் வைத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு உற்றுப் பார்த்தார்.

"எந்த ஆபீஸ்ப்பா நீ?"

"உங்க ஆபீஸ்தாங்க சார்."

"அப்படியா? நம்ம ஸ்டாஃப் ஒருத்தர் மொகம்கூட எனக்கு மறக்காதே," என்றார்.