பச்சைமுத்துவின் இடது கால்

பெங்களூர் ஜோகுபாளையத்தில் பச்சைமுத்து வீடு எது என்று கேட்டால், எந்தப் பச்சைமுத்து என்று திருப்பிக் கேட்பார்கள். லெஃப்ட் விங் பச்சைமுத்து என்று சொல்லிவிட்டால் போதும், வாசல்வரை கூட்டிக்கொண்டு வந்து விடுவார்கள். பொம்மசந்திராவில் ஒரு பம்பு கம்பெனியில் லேத் ஓட்டுகிறவன். முப்பத்தாறு வயதாகியும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் அவன் ஃபுட்பால் ஆட்டத்தில் இடது காலால் பந்தை உருட்டிக்கொண்டு இடது கோட்டோரமாக ஓடுவதைப் பார்க்கவென்றே மைதானத்தில் ஆட்கள் வந்து நிற்பார்கள். யசோதாவைப் பெண் பார்க்கப் போன அன்றுகூட மேட்சை முடித்துவிட்டு, முழங்கால் சேற்றைச் சரியாகக் கழுவாமல் போனவன் அவன்.

1997 ஆகஸ்டில், மழை பெய்து வழுக்கிக் கிடந்த மைதானத்தில், அந்த இடது காலில் எலும்பு முறிந்தது. தொடைவரைக்கும் மாவுக்கட்டு. ஆறு வாரம் கட்டிலே கதி. கட்டைப் பிரித்த நான்காம் நாள் ஆடுசதை வீங்கிச் சிவந்து, தொட்டால் சுட்டது. இத்தனை நாள் அசையாமல் கிடந்த கால், ரத்த ஓட்டம் வரட்டும் என்று யசோதா நல்லெண்ணெய் காய்ச்சி நீவிவிட்டாள். மறுநாள் வீக்கம் தொடைக்கு ஏறிவிட்டது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர் பார்கவி, காலுக்குள்ளே ஓடும் பெரிய ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து அடைத்திருக்கிறது என்றார். அவருக்குக் கன்னடம் வீட்டு மொழி. தமிழை நிதானமாக, யோசித்து யோசித்துப் பேசுவார்.

"காலை யாராவது தேய்ச்சீங்களா?"

யசோதா தலையைக் குனிந்துகொண்டாள்.

"இனிமே தேய்க்காதீங்கம்மா. அந்தக் கட்டி பிய்ஞ்சு நுரையீரலுக்குப் போனா உயிருக்கே ஆபத்து."

ஒன்பது நாள் ஊசியும் டிரிப்புமாகப் போனது. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஒவ்வொன்றாகச் சொன்னார். மாத்திரையைத் தினமும் ஒரே நேரத்தில் போடணும், ரத்தப் பரிசோதனைக்குத் தவறாமல் வரணும், காலையில் படுக்கையை விட்டு இறங்குமுன்னே இறுக்கமான காலுறையை மாட்டணும். ஒரே இடத்தில் ரொம்ப நேரம் உட்காரக் கூடாது. நெஞ்சு வலித்தாலோ மூச்சு வாங்கினாலோ அந்த நிமிஷமே ஆஸ்பத்திரி. எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுப் பச்சைமுத்து கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"பந்து எப்போ ஆடலாம், மேடம்?"

"ஆறு மாசம் இந்த மாத்திரை. இதைச் சாப்பிடும்போது அடிபட்டா உள்ளே ரத்தம் நிக்காது. நடங்க, நல்லா நடங்க. ஆட்டம் மட்டும் பேடா, வேண்டாம்."

நடக்கச் சொன்னது அவனுக்கு வசதியாகப் போயிற்று. ஏரிக்கரைப் பக்கம் நடக்கலாமே என்று யசோதா சொல்லிப்பார்த்தாள். அவன் கால்கள் மைதானத்துக்குத்தான் போயின. பையன்கள் ஆடிக்கொண்டிருக்க, வெளிக்கோட்டை ஒட்டிச் சுற்றிச் சுற்றி வந்தான். பந்து எல்லையைத் தாண்டி உருண்டு வந்தால் குனிந்து கையால் எடுத்துக் கொடுப்பான். காலால் தட்டிவிட்டால் அப்படியே ஆட்டத்தில் இறங்கிவிடுவோமோ என்று அவனுக்கே பயம். ராத்திரி தலையணை மேல் காலைத் தூக்கி வைத்துப் படுத்திருக்கும்போது, தூக்கத்தில் அந்தக் கால் வெட்டி வெட்டி இழுக்கும். கனவில் எங்கேயோ ஓடுகிறான் என்று யசோதாவுக்குத் தெரியும். எழுப்ப மாட்டாள்.

பக்கத்து வீட்டு வள்ளியம்மா இந்த மாத்திரைக்குக் கீரையே ஆகாது என்றதைக் கேட்டு யசோதா கீரையை அடியோடு நிறுத்தினாள். அடுத்த பரிசோதனையில் டாக்டர் திருத்தினார்: கீரை தாராளமாகச் சாப்பிடலாம், ஆனால் ஒரு வாரம் குவித்து, ஒரு வாரம் நிறுத்தி என்றிருக்கக் கூடாது, அளவு மாறாமல் இருக்கணும். அதன் பிறகு செவ்வாயும் வெள்ளியும் கீரை. வேலைக்குத் திரும்பிய பச்சைமுத்து, கம்பெனி பஸ்ஸில் ஓசூர் ரோடு நெரிசலில் முக்கால் மணி நேரம் போனதும் எழுந்து கதவோரம் நின்றுகொள்வான். சீட்டு இருக்கிறபோது இவன் எதற்கு நிற்கிறான் என்று முதலில் சிரித்தவர்கள், பிறகு பழகிவிட்டார்கள்.

ஜனவரியில் டோர்னமென்ட் வந்தது. அரையிறுதிக்கு முந்தின நாள் பிரேசர் டவுனிலிருந்து ஆம்ப்ரோஸ் வந்தான். டீமுக்குக் கேப்டனும் கோல் கீப்பரும் அவன்தான். பதினைந்து வருஷத்துச் சிநேகிதம்.

"லெஃப்ட்டுல ஆளே இல்ல மச்சான். செகண்ட் ஹாஃப்ல ஒரு பத்து நிமிஷம் நில்லு போதும். நல்லாத்தானே நடக்குற?"

மாத்திரை சாப்பிடுகிறேன் என்று சொல்ல வாயெடுத்த பச்சைமுத்து, "வர்றேன்" என்றான்.

பன்னிரண்டு நிமிஷம் ஆடினான். அவன் கொடுத்த பாஸில் ஒரு கோல் விழுந்தது. அந்த நேரத்தில் அவன் உடம்பில் நோய் என்ற ஒன்று இருந்ததாகவே அவனுக்குத் தெரியவில்லை. அப்புறம்தான் எதிராளியின் முழங்கால் அவன் தொடையில் வந்து இடித்தது. நொண்டிக்கொண்டே வெளியே வந்தான். வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் ஏதோ ஒரு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டான். ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரையைப் பற்றி அங்கே மூச்சு விடவில்லை.

மூன்றாம் நாள் காலை பல் தேய்க்கும்போது துப்பியதெல்லாம் ரத்தம். யசோதா பார்த்துவிட்டாள். லுங்கியை விலக்கச் சொன்னாள். இடுப்பிலிருந்து முழங்கால்வரை தொடை நாவல்பழமாகக் கறுத்துக் கிடந்தது.

ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கடையில் வாங்கிய வலி மாத்திரையும் ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரையும் சேர்ந்து ரத்தம் தண்ணீராக ஓடுகிறது என்றார் டாக்டர். ஆம்ப்ரோஸ் வந்து, "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடா" என்றான். அவன் போனபிறகு யசோதா வாய் திறந்தாள்.

"நான் எண்ணெய் தேய்ச்சது தெரியாம. நீங்க பண்ணது தெரிஞ்சே."

 

அதன் பிறகு அவன் ஒரு வேளை மாத்திரையும் தவறவிடவில்லை. நடப்பதற்கு ஏரிக்கரைக்குப் போனான். காற்று மைதானத்துப் பக்கத்திலிருந்து அடிக்கும் நாட்களில் விசில் சத்தம் அங்கேயும் கேட்கும். அப்போது கொஞ்சம் வேகமாக நடப்பான்.

ஏப்ரல் கடைசியில் டாக்டர் மாத்திரையை நிறுத்தினார். "கட்டி கரைஞ்சாச்சு. ஆனா ரத்தக்குழாய்க்குள்ள இருக்கிற வால்வு கெட்டிருக்கு. சாயங்காலம் ஆனா வீங்கும், கனக்கும். காலுறையை விடாதீங்க."

"ஆடலாமா, மேடம்?"

"ஆடுங்க. உங்க கால் சொல்றதைக் கேட்டு ஆடுங்க."

ஜூனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இறங்கினான். லெஃப்ட் விங்கில் இப்போது ரவிக்குமார். இருபது வயது, வலது கால்காரன், ஆனாலும் நல்ல வேகம். "அண்ணா, நீங்க நில்லுங்க" என்று அவனே ஒதுங்கிக்கொண்டான். முதல் பந்து வந்தது. பச்சைமுத்து பந்தை வாங்கினான், திரும்பினான், எல்லாம் பழையபடியே இருந்தது. ஓடத் தொடங்கியபோதுதான் தண்ணீர் நிரப்பின குடத்தைக் காலில் கட்டினதுபோல் ஆயிற்று. எதிர் டீமில் இன்னும் மீசை அரும்பாத ஒருவன் சிரமமே இல்லாமல் பந்தைத் தட்டிப் பறித்துக்கொண்டு போனான். இரண்டாம் முறையும் அப்படியே. கால் மணி நேரம் கழித்துப் பச்சைமுத்து தானே கையைத் தூக்கிவிட்டு வெளியே வந்தான். யாரும் கேலி செய்யவில்லை. அதுதான் அவனுக்குத் தாங்க முடியாமல் இருந்தது. பையின்மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, மறுபடி உள்ளே போன ரவிக்குமார் ஓடுவதைக் கடைசிவரை பார்த்தான்.

வீட்டில் யசோதா வெந்நீர் வைத்திருந்தாள். அவன் காலுறையைக் கழற்றும்வரை பொறுத்திருந்து, "ஆடினீங்களா?" என்றாள்.

"ஆடினேன்."

"போதுமா?"

கணுக்காலில் காலுறை பதிந்திருந்த தடத்தை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"போதல" என்றான்.