மூடி திறந்த நீல விளக்கு

என் அக்கா காற்று விற்கிறவள். கிண்டலுக்குச் சொல்லவில்லை, கடையிலேயே அவளைக் காத்தக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மின்சாதனக் கடை ஒன்றில், வீட்டுக் காற்றைச் சுத்தம் செய்யும் மெஷின் பக்கத்தில் நின்று, வருகிறவர்களுக்கு விளக்கிச் சொல்லி வாங்க வைப்பது அவள் வேலை. அதற்கு முன்னால் மிக்ஸி விற்றாள், இஸ்திரிப் பெட்டி விற்றாள். மாமா போன பிறகு குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியது அவளுடைய வாய்தான்.

அந்த மெஷினுக்குள் ஒரு ஃபில்டர், அதற்குப் பின்னால் ஒரு புற ஊதா விளக்கு. உள்ளே போகிற காற்றில் இருக்கும் கிருமிகளை அந்த ஒளி கொல்லும். விளக்கு மூடிக்குள் இருப்பதால் வெளியே ஒன்றும் தெரியாது, தெரியவும் கூடாது. மூடியைத் திறந்தால் விளக்கு தானாக அணையும்படி ஒரு சின்ன ஸ்விட்ச் வைத்திருக்கிறார்கள். செய்தவனுக்கு மூளை இருந்திருக்கிறது. விற்றவனுக்கு அது கொஞ்சம் அதிகமாகவே இருந்தது, அதுதான் வினை.

"கண்ணுக்குத் தெரியாததுக்கு யாரும்மா காசு குடுப்பா?" என்றார் முதலாளி. மூடியைக் கழற்றினார், ஸ்விட்ச்சை அமுக்கி அதன்மேல் டேப்பை ஒட்டினார். பளிச்சென்று நீல வெளிச்சம் வந்தது. வியாபாரமும் சூடு பிடித்தது. தங்கள் வீட்டிலும் இப்படி வெளிச்சம் தெரியவேண்டும் என்று வாங்கியவர்களில் சிலர் கேட்டார்கள். "அதுக்கென்ன, நம்ம ஆளு வந்து செஞ்சு குடுப்பான்" என்று முதலாளி நாக்குக் கூசாமல் சொன்னார். அந்த மூடி எதற்கென்று அக்காவுக்கோ தெரியாது. ஏதாவது சந்தேகம் வந்தால் கேட்கட்டும் என்று எல்லோருக்கும் தன் போன் நம்பரையும் கொடுத்துவைத்தாள்.

ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கண்ணுல மண்ணை அள்ளிப் போட்ட மாதிரி இருக்குடி. அந்த லைட்டை அணையேன்."

கண்கள் கோவைப்பழமாகச் சிவந்து நீர் கொட்டிக்கொண்டிருந்தன. முகம் வெயிலில் வெந்த மாதிரி இருந்தது. முதலாளிக்கு போன் செய்தேன். "கண்ணு வலி எல்லாருக்கும்தாம்மா வருது. சரியானதும் வரச் சொல்லு, கஸ்டமருக்கு ஒட்டிக்கப் போகுது" என்று வைத்துவிட்டார். ஒட்டிக்கொள்ளுமாம்!

மறுநாள் காலை கண் டாக்டர் அவளைப் பார்த்ததும், "வெல்டிங் வேலை செய்றீங்களா?" என்று கேட்டார்.

"காத்து விக்கிறேன் டாக்டர்" என்று அந்த வலியிலும் சிரித்தாள் அக்கா.

மெஷினைப் பற்றிச் சொன்னதும் டாக்டருக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஒளி கிருமியை மட்டும் தேடிப் பிடித்துச் சுடாது, கண்ணையும் சுடும் என்றார். பார்க்கும்போது ஒன்றும் தெரியாது, சில மணி நேரம் கழித்துத்தான் வலி கிளம்புமாம். இது ஆறிவிடும், ஆனால் திரும்பத் திரும்ப அதன் முன்னால் நிற்காதீர்கள் என்றார். "குறுக்கே ஒரு சாதாரணக் கண்ணாடி வெச்சிருந்தாக்கூடத் தடுத்திருக்குமே, அதைச் செய்யலையா?" என்று அவர் கேட்டபோது எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது.

அக்காவை வீட்டில் விட்டுவிட்டு நேரே கடைக்குப் போனேன். டாக்டர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னேன். முதலாளி நிதானமாகக் கேட்டுக்கொண்டார்.

"கண்ணாடி வெச்சா கடை டியூப்லைட் எல்லாம் அதுல தெரியும்மா. நீலம் எடுப்பா இருக்காது. உங்க அக்காவுக்கு நல்ல கூலிங் கிளாஸ் ஒண்ணு வாங்கித் தர்றேன், போதுமா?"

"பாக்க வர்றவங்களுக்கு?"

"அவங்க ரெண்டு நிமிஷம் நிப்பாங்க, போயிடுவாங்க."

"வீட்டுக்கு வாங்கிட்டுப் போனவங்களுக்கு?"

அவர் வாசலில் வந்த கஸ்டமரைப் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டு நகர்ந்துவிட்டார். நானும் சும்மா வரவில்லை, நாலு பேர் முன்னால் வாய்க்கு வந்ததெல்லாம் சொல்லி நாறடித்துவிட்டுத்தான் வந்தேன்.

வீட்டில் அக்கா கண்ணில் ஈரத்துணியோடு படுத்திருந்தாள். நடந்ததைச் சொன்னதும் என்மேல் எரிந்து விழுந்தாள்.

"உன்னை யாருடி சண்டைக்குப் போகச் சொன்னது? வேலை போச்சுன்னா நீயா சோறு போடுவே? கூலிங் கிளாஸ் தர்றேன்னாரில்ல, போட்டுக்கிட்டு நின்னுட்டுப் போறேன்."

எனக்கு அவளையே நாலு அறை விடலாம் போலிருந்தது. அதற்குள் அவள் போன் அடித்தது. அவளால் திரையைப் பார்க்க முடியாததால் நான்தான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

"காத்தக்காவா? போன மாசம் உங்ககிட்ட மெஷின் வாங்கினேனே, கைக்குழந்தையோட வந்தேனே, ஞாபகம் இருக்கா? பாப்பாவுக்குக் கண்ணெல்லாம் செவந்து ஒரே அழுகை. மூஞ்சியும் தடிச்சிருக்கு. தூசியாலன்னு நினைச்சு மெஷினைத் தொட்டில் பக்கத்துல இழுத்து வெச்சோம். அந்த நீல வெளிச்சத்தையே பாத்துக்கிட்டுக் கிடக்குது. இன்னும் கொஞ்சம் கிட்ட வைக்கலாமாக்கா?"

அக்கா துணியை விசிறியடித்துவிட்டு எழுந்தாள். யாரிடமும் குரல் உயர்த்திப் பேசி அறியாதவள், தொண்டை கிழியக் கத்தினாள்.

"பிளக்கைப் புடுங்கும்மா! மொதல்ல புடுங்கு! பாப்பாவைத் தூக்கிக்கிட்டு கண் டாக்டர்கிட்ட ஓடு, நானும் வர்றேன்!"

அந்தப் பெண் பதறிப்போனாள். "என்னக்கா, மெஷின் ரிப்பேரா?"

"ரிப்பேர் இல்லம்மா" என்றாள் அக்கா. "அது நல்லாத்தான் வேலை செய்யுது."