மூன்றாம் வரிசையில் ஒரே பெயர்

குதிரை பதினோரு மாதம் சுமக்கும். முதல் ஏழு மாதம் அவள் சுமந்தாள். மிச்ச நான்கு மாதம் நானும் சுமந்தேன்.

கோவளத்துக்குத் தெற்கே, சாலையிலிருந்து சவுக்குத் தோப்பைத் தாண்டினால் எங்கள் லாயம். ஐந்து குதிரைகள், மணல் மைதானம், தாண்டுவதற்குக் கம்பத் தடைகள். சனி ஞாயிறுகளில் ஐடி கம்பெனிக்காரர்களின் பிள்ளைகள் சவாரி பழக வருவார்கள். ஐந்தில் ஒருத்தி மட்டும் ஐரோப்பாவில் பிறந்தவள், வார்ம்பிளட். பந்தயக் குதிரையின் துடிப்பையும் வண்டிக் குதிரையின் நிதானத்தையும் கலந்து, தடை தாண்டுவதற்கென்றே அங்கே வளர்க்கும் இனம். கால் நொண்டியானதால் எங்கள் கைக்கு வந்தாள். அவளுடைய வம்சத் தாளை ஜாதகம் போலப் பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தேன்.

அந்தத் தாளின் மூன்றாம் வரிசையில், கொள்ளுத்தாத்தா இடத்தில், இனப்பெருக்கத்துக்கு விடும் பொலிக்குதிரை ஒன்றின் பெயர். செத்துப் பல வருடமாகியும் இன்னும் தாண்டிக்கொண்டிருக்கும் குதிரை அது. மகன்களாக, பேத்திகளாக, பேத்தியின் பிள்ளைகளாக எந்த மைதானத்திலாவது அது எழும்பியபடியே இருக்கிறது. மங்கலான பழைய வீடியோ ஒன்று என் செல்போனில் உண்டு. முழங்கால் முகவாயைத் தொடும். கம்பத்துக்கு மேலே உடம்பு நின்றுவிட்டதோ என்று நினைக்கும்போது பின்னங்கால் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து வானத்தை ஓர் உதை உதைக்கும். என் நொண்டிக்காரி தரையில் கிடக்கும் தண்ணீர்க் குழாயைத் தாண்டும்போதும் அதே உதை.

பெங்களூருப் பக்கம் ஒரு பொலிக்குதிரை இருப்பதாகக் கேள்விப்பட்டு அதன் தாளை வாங்கிப் பார்த்தேன். மூன்றாம் வரிசையில் அதே பெயர். பிரிந்துபோன ரத்தம் வீடு திரும்புகிறது என்று எனக்கு உடம்பு சிலிர்த்தது.

“அப்ப சொந்தம்னு சொல்லு. அப்புறம் இன்னா யோசனை?” என்றார் என் கணவர். அவர் என் தாய்மாமன் மகன். அச்சரப்பாக்கத்தில் எங்கள் இரண்டு குடும்பங்களும் முறை இருக்கும்போது வெளியே பார்த்ததில்லை. நாங்கள் வேறு எப்படி யோசித்திருப்போம்?

ஏழாம் மாதம் பரிசோதிக்க வந்த கால்நடை மருத்துவர் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நிமிர்ந்து கேட்டார்.

“சொந்தத்துல குடுத்துருக்கீங்களாம்மா?”

இருபது வருடத்துக்கு முன்பு பிரசவ ஆஸ்பத்திரியில் என்னிடம் கேட்ட அதே கேள்வி. அப்போது என் பதிலைச் சிவப்பு மையில் எழுதினார்கள். மகள் பிறந்து, அழுது, விரல்களை நான் எண்ணி முடிக்கும்வரை அந்தச் சிவப்பு என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

அவர் விளக்கினார். இந்த இனத்தில் சில வம்சங்களில் ஒரு குறை ஒளிந்து வருகிறது. ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வந்தால் ஒன்றுமில்லை, சுமக்கும் குதிரைக்கே தெரியாது. தாய் தகப்பன் இருவரும் சுமந்தால் நான்கில் ஒரு வாய்ப்பு, குட்டிக்கு இரண்டு பங்கும் சேர்ந்துவிடும். அந்தக் குட்டியின் தோல் உடம்போடு ஒட்டாது. தொட்டால் கிழியும். பிழைக்காது.

வாலில் ஐந்தாறு முடியை வேரோடு பிடுங்கி மரபணுச் சோதனைக்கு அனுப்பினோம். அவள் அந்தக் குறையைச் சுமக்கிறாள் என்று பதில் வந்தது. பெங்களூரிலும் கேட்டோம். அந்தப் பொலிக்குதிரையும் சுமந்தது.

அதற்குப் பிறகு செய்வதற்கு எதுவும் இல்லை. நான் நகங்களை ஒட்ட வெட்டினேன். வளையல்களைக் கழற்றினேன்.

லாயக்காரர் கோவளத்துக்காரர், எங்களைவிட மூத்தவர், குதிரைகளோடு பேசும் மரியாதையை எங்களிடம் காட்டாதவர். “சொத்து வெளிய பூடக்கூடாதுன்னு சொந்தத்துல குட்ப்பாங்க. இதுக்கு இன்னாக்கா சொத்து கீது? ஒரு வாளி கொள்ளு” என்றார். நான் சிரித்தேன். பிறகு தீவன அறைக்குப் போய் நின்றுகொண்டேன்.

பெரும்பாலும் இருட்டில்தான் குதிரைகள் குட்டி போடும். இவள் காலை பத்து மணி வெயிலில், கடல் கண்ணைக் கூசவைக்கும் நேரத்தில் படுத்தாள். பிரசவம் நெருங்கியதைக் காட்டும் மெழுகு காம்பில் கட்டி இரண்டு நாளாகியிருந்தது. மருத்துவர் திருக்கழுக்குன்றம் தாண்டி வந்துகொண்டிருந்தார். போனில் அவர் குரல் தட்டையாக இருந்தது.

“முன்னங்கால் வந்ததும் தோலைப் பாருங்கம்மா. கிழிஞ்சிருந்தா இழுக்காதீங்க. நான் எல்லா ஊசியும் எடுத்துட்டுதான் வரேன்.”

எல்லா ஊசியும். அதில் ஒன்று குட்டியை வலியில்லாமல் முடித்துவைப்பதற்கு.

கணவர் வாசலுக்கும் சுவருக்குமாக நடந்தார்.

“அண்ணாத்த, ஒரு எடத்துல குந்து. நீயா பெக்கப் போற?” என்றார் லாயக்காரர்.

“நீ வேலய பாரு.”

பனிக்குடம் உடைந்தது. வெள்ளைச் சவ்வுக்குள் ஒரு குளம்பு. அதற்குச் சற்றுப் பின்னால் இன்னொன்று. லாயக்காரர் சவ்வைக் கிழித்துவிட்டு என்னைப் பார்த்தார். “நீ தொடுக்கா. என் கை காப்பு காச்ச கை.”

நான் மண்டியிட்டேன். ஈரமான, சூடான, கத்தரிக்காய்க் காம்பு போல ஒல்லியான கால். குளம்புக்கு மேலே விரலை வைத்தேன். எடுத்தேன். மறுபடி வைத்து, மெல்ல நகர்த்தினேன். தோல் என் விரலோடு கொஞ்சம் வந்தது. வந்து, திரும்பிப் போனது.

“மாமா, நிக்கிது” என்றேன். “தோலு நிக்கிது.”

அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

மருத்துவர் வந்தபோது குட்டி எழுந்து நின்று, விழுந்து, மறுபடி நின்றிருந்தது. ஆண். அவர் கழுத்துத் தோலைக் கிள்ளிவிட்டார், ஈறுகளைத் தடவினார், பையை மூடினார். பிறகு தயங்கியபடி சொன்னார்: “அழகான குட்டி. நாளைக்குப் பொலிக்குக் கேட்டு வருவாங்க. இவன் சுமக்கிறானான்னு பாத்துடலாம். அஞ்சாறு முடி போதும்.”

“இப்பதான் பொழச்சிகீது. இன்னிக்கே எதுக்கு? வுட்ருங்க டாக்டர்” என்றார் கணவர்.

எனக்கும் விட்டுவிட வேண்டும் போலிருந்தது. சுமந்தால் இவன் தகப்பனாக முடியாது. வெறும் சவாரிக் குதிரை. அந்தப் பழைய பெயர் எங்கள் மணலில் வந்து நின்றுவிடும். தெரியாமல் இருந்தால் இன்னும் எத்தனை லாயங்களுக்கோ போகலாம். அங்கே யாரோ ஒருத்தி நகம் வெட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

சுருள் வாலைப் பிடித்து, ஐந்தாறு முடியை விரலில் சுற்றி, வெடுக்கென்று இழுத்தேன். வேரோடு வந்தது. அடியில் இருந்த தோல் அப்படியே இருந்தது.

குட்டி முன்பக்கம் சரிந்து, பின்னங்கால் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து, என் தொடையில் ஓர் உதை விட்டது.